அறிந்து மறந்த மருந்து

மனிதனுடைய அறிவு நாளுக்கு நாள் வளர்ந்து செல்கின்றது என்பதும், ஒருமுறை கண்டறியப்பட்ட உண்மை பின்னர் ஒருபோதும் கைவிட்டுப் போவதில்லை என்பதும் நம்மிற் பெரும்பாலோர் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் கொள்கைகள். முதற் கொள்கையைப் பற்றி இங்கே வழக்காட வேண்டுவதில்லை. இரண்டாவது கொள்கை எத்துணைத் தூரம் மெய்யானது என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். ஏட்டுச் சுவடிகள் செல்லுக்கு இரையானதாலும், நூல் நிலையங்கள் தீக்கு இரையானதாலும் அறிவு அழிந்ததுண்டு, அதில் வியப்பில்லை. ஆனால், அச்சு யந்திரமும், விஞ்ஞான சங்கங்களும், கலாசாலைகளும் நிறைந்திருந்த காலத்தில், உலகிற் பெரிய கடற்படை ஒன்று, தன் மாலுமிகளைப் பல்லாயிரக் கணக்கிற் கொன்றுவந்த ஒரு நோய்க்குத் தக்க மருந்தைக் கண்டு, அதனைக் கட்டளையாக்கி, நோயை ஏறக்குறைய அடியோடு ஒழித்து, பின்னர் அம்மருந்தைத் தன்னையறியாமலே இழந்து, நூறாண்டு கழித்து அதே நோயின் முன் மீண்டும் கைகட்டி நின்றது என்றால், அஃது ஆராயத் தக்க வியப்பன்றோ? அந்நோயின் பெயர் ஸ்கர்வி. மருந்தோ எலுமிச்சை இனத்துப் பழத்தின் சாறு.

நோயின் இயல்பை முதலிற் சிறிது கூறுதல் வேண்டும். நீண்ட நாள் உப்பிட்ட இறைச்சியும் பிஸ்கோத்தும் மட்டுமே உண்டு கடலிற் சென்றவர்களை இது பற்றிற்று. முதலில் காரணமற்ற சோர்வு தோன்றும், பிறகு கால்களில் நீலமும் கருமையுமான புள்ளிகள் எழும், ஈறுகள் பஞ்சு போல் வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆட்டங்காணும், வாய் நாறும். இறுதி நிலையில், பேசிக்கொண்டே படுக்கையினின்றும் எழுந்தவன் அப்படியே வீழ்ந்து மாள்வதும் உண்டு. 1740-ஆம் ஆண்டில் ஆன்ஸன் என்னும் ஆங்கிலத் தளபதி உலகைச் சுற்றி வரப் புறப்பட்ட போது அவருடன் சென்ற முதிய மாலுமி ஒருவர், 1690-இல் அயர்லாந்தில் பாயின் ஆற்றங்கரையில் நடந்த போரிற் காயமுற்றவர். ஐம்பதாண்டுகளுக்கு முன் ஆறிப்போன அக்காயம் ஸ்கர்வி பற்றியவுடன் மீண்டும் வாய் திறந்தது. என்றோ முறிந்து கூடியிருந்த எலும்பும், கூடாதது போலவே மறுபடி பிரிந்தது. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை இருநூறு ஆண்டுகள் ஒருவராலும் சொல்ல இயலவில்லை. விடையைக் கட்டுரையின் பிற்பகுதியிற் காண்போம். ஆன்ஸனுடன் புறப்பட்டவர் ஏறக்குறைய 1,900 பேர். அவருள் ஏறக்குறைய 1,400 பேர் திரும்பவில்லை. பகைவரின் குண்டுக்கு இரையானவர் மிகச் சிலரே. பெரும்பாலோரைக் கொன்றது ஸ்கர்வி.

இத்துணைப் பெருந் தீங்கு விளைவதற்கு முன்பே மருந்து அறியப்பட்டிருந்தது என்பதுதான் கதையின் முதல் வியப்பு. வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையை நோக்கி வந்த பயணத்தில், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையை அடைந்த போதே அவருடைய ஆட்கள் இந்நோயால் வருந்தினர். 1498-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மொம்பாசா நகரத்து அரசன் ஆரஞ்சு முதலிய பழங்களை அனுப்பினான், நோயாளிகள் தேறினர். கப்பலில் நாட்குறிப்பு எழுதி வந்தவரோ அவ்வூரின் நல்ல காற்றே அவர்களைக் குணப்படுத்திற்று என்று கருதினார்! திரும்பும் வழியில் அரபிக்கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. அப்போது முப்பதின்மர் இறந்தனர். 1499 ஜனவரியில் மலிந்தியை அடைந்த போது, நோயாளிகள் ஆரஞ்சுப் பழங்களையே விரும்பிக் கேட்டனர். எழுதியவர் காற்றைப் புகழ, நோயுற்றவர் பழத்தைத் தேடிய இந்த வேற்றுமை மனத்தில் இருத்தத் தக்கது. இக்கதை முழுவதிலும் இது மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1601-இல் தம் முதற் பயணத்துக்கு நான்கு கப்பல்களை அனுப்பினர். தலைவர் லங்காஸ்டர் தமது கப்பலில் மட்டும் எலுமிச்சைச் சாற்றைப் புட்டிகளில் அடைத்துக் கொணர்ந்து, ஒவ்வொரு மாலுமிக்கும் காலையில் வெறும் வயிற்றில் மூன்று கரண்டி கொடுத்து வந்தார். ஆப்பிரிக்காவின் தென்முனையை அடைந்தபோது மற்ற மூன்று கப்பல்களிலும் பாய்களை இறக்கவும் ஆள் வலுவில்லை. லங்காஸ்டரின் ஆட்களே சென்று உதவவேண்டியிருந்தது. இதனினும் தெளிவான சான்று வேறு யாது வேண்டும்? இருந்தும் ஆன்ஸனின் ஆட்கள் 140 ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்வாறு மாண்டனர். பழம் விலையுயர்ந்தது, எளிதில் அழுகுவது. மாலுமியோ மலிவாகக் கிடைப்பவன். அவன் போனால் துறைமுகத்தில் வேறொருவனைப் பிடித்துக்கொள்ளலாம். அக்காலத்துக் கணக்குப் புத்தகங்கள் இவ்வாறே நினைத்தன என்று கொள்வதில் தவறில்லை.

இனி, வைத்திய சரித்திரத்தில் பெயர்பெற்ற பரிசோதனை ஒன்றைக் காண்போம். 1747-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், ஸாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலில் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் லிண்ட் என்பார் ஸ்கர்வி கண்ட பன்னிருவரைத் தேர்ந்தெடுத்தார். பன்னிருவரின் நோய் நிலையும் இயன்றவரை ஒத்திருக்குமாறு பார்த்துக்கொண்டார். ஒரே இடத்திற் படுக்க வைத்து, ஒரே உணவைக் கொடுத்தார். பின்பு அவர்களை இருவர் இருவராகப் பிரித்தார். முதல் இருவருக்கு ஆப்பிள் மது. அடுத்த இருவருக்குக் கந்தகத் திராவகம் கலந்த மருந்துத் துளிகள். மூன்றாம் இணைக்குக் காடி. நான்காம் இணைக்குக் கடல் நீர். ஐந்தாம் இணைக்கு நாளொன்றுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். கடைசி இணைக்குப் பூண்டு, கடுகு முதலியன சேர்த்தரைத்த ஜாதிக்காய் அளவுள்ள லேகியம். ஆறு நாட்களிற் பழங்கள் தீர்ந்துபோயின. அதற்குள்ளாகவே பழம் உண்ட இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பினார். மற்றவர் ஏனைய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய நியமிக்கப்பட்டார். ஆப்பிள் மது உண்டவர் சிறிது தேறினர். மற்றவர் நிலையில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை.

பரிசோதனை செய்வது எங்ஙனம் என்று கற்கும் மாணவர்க்கு இதனினும் எளிய முன்மாதிரி கிடைப்பது அரிது. மற்றெல்லாம் ஒன்றாயிருக்க, ஒன்று மட்டும் வேறாயிருக்கச் செய்தல் என்னும் முறை இதில் முழுமையாகக் காணப்படுகிறது. ஆனால் லிண்ட் அதனை எவ்வாறு பயன்படுத்தினார்? 1753-இல் அவர் வெளியிட்ட நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலில் இப்பரிசோதனைக்குக் கிடைத்த இடம் சில பாராக்களே. எஞ்சிய பக்கங்களில், கடலின் ஈரக்காற்று தோலின் துவாரங்களை அடைப்பதால் வியர்வை தடைப்பட்டு உடலிற் கெட்ட நீர் தேங்குவதே நோயின் காரணம் என்று அக்காலத்துக் கொள்கையை அவர் விரித்துரைத்தார். பழம் அத்துவாரங்களைத் திறக்கும் மருந்துகளுள் ஒன்று, அவ்வளவே. அன்றியும், பழச்சாற்றை நெடுநாள் வைத்திருக்க வேண்டி, அதனை வெந்நீர்ச் சட்டியின்மேல் பல மணிநேரம் காய்ச்சிப் பாகாக்கிப் புட்டியில் அடைக்குமாறு கற்பித்தார். சாற்றிலுள்ள மருந்துப் பொருள் வெப்பத்தால் அழிவது என்பதை அவர் அறியார். தாம் கண்ட மருந்தைத் தாமே பெரும்பகுதி கொன்று பாகாக்கி உலகுக்கு வழங்கினார். கண் கண்டதை விடக் கொள்கை வலிமையுடையதாயிருந்தது. இதற்காக லிண்டை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று, அக்காலத்து வைத்தியர் எல்லோரும் அவ்வாறே நினைத்தனர்.

குக் என்னும் புகழ்பெற்ற மாலுமியும் இக்குழப்பத்துக்குத் துணை செய்தார். 1768 முதல் அவர் நடத்திய நீண்ட பயணங்களில் ஸ்கர்வியால் மாண்டவர் எவருமில்லை என்று கூறும் அளவுக்கு அவர் வெற்றி பெற்றார். கரை கண்ட இடமெல்லாம் கீரையும் காயும் பறித்து வரச் செய்ததும், புளிக்கவைத்த முட்டைக்கோஸை ஆட்கள் உண்ணுமாறு செய்ததுமே அதற்குக் காரணம். ஆயினும் அவர் சிறப்பித்துப் பேசியது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் ஊறல் நீரை. அதில் மருந்துப் பொருள் ஏதுமில்லை. பழப்பாகை அவர் அவ்வளவாக மதிக்கவில்லை. காய்ச்சிய பாகைப் பற்றிய வரையில் அவர் மதிப்பு சரியே.

நிற்க. இம்மருந்து வென்ற கதையில் நமது சென்னைக்கும் ஓர் இடமுண்டு. 1794-ஆம் ஆண்டில் ஸபோக் என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. காய்ச்சாத எலுமிச்சைச் சாறு ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் சிறிதளவு, மதுவும் சர்க்கரையும் கலந்து கொடுக்கப்பட்டது. இடையே ஒரு கரையையும் தொடாமல் ஐந்து மாதங்களுக்கு மேல் கடலிலிருந்தும், சென்னைத் துறையை வந்தடைந்தபோது கப்பலில் ஸ்கர்வியால் இறந்தவர் ஒருவரும் இல்லை. வழியிற் சிலருக்கு நோய் தலைகாட்டியபோது சாற்றின் அளவைக் கூட்டியதும் மறைந்தது. வைத்தியர் கில்பர்ட் பிளேன் என்பார் இத்தகைய சான்றுகளைக் கொண்டு கடற்படை இலாகாவினரை வற்புறுத்தினார். 1795-இல் அவர்கள் இணங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் எல்லாக் கப்பல்களுக்கும் சாறு வழங்கப்பட்டது. 1814-ஆம் ஆண்டு வரையில் செலவான சாறு ஏறத்தாழ 16 லட்சம் காலன் என்பர். ஹாஸ்லார் என்னுமிடத்திலுள்ள கடற்படை வைத்தியசாலையில் 1780-இல் ஸ்கர்விக்காகச் சேர்ந்தவர் ஆயிரத்துக்கு மேல், 1806-இல் ஒருவரே. நெப்போலியனுடைய துறைமுகங்களை ஆங்கிலக் கப்பல்கள் மாதக்கணக்காகக் கரை திரும்பாது முற்றுகையிட்டு நின்றமைக்குப் பீரங்கியோடு இப்பழச்சாறும் ஒரு காரணம் என்று சரித்திர ஆசிரியர் கூறுவது மிகையன்று.

இவ்வளவில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறதி இங்கேதான் தொடங்குகிறது. ஸ்கர்வியை ஒழித்த அச்சாறு மத்தியதரைக் கடலைச் சார்ந்த ஸிஸிலி, மால்ட்டா முதலிய தீவுகளிலிருந்து வந்த பழத்தின் சாறு. ஆங்கிலத்தில் அப்பழத்துக்கு லெமன் என்று பெயர். நீண்டு, பெருத்து, மஞ்சள் நிறமாய்த் தடித்த தோலுடன் இருக்கும். 1860-ஆம் ஆண்டை ஒட்டிக் கடற்படைக்காரர் மேற்கிந்தியத் தீவுகளில் விளையும் லைம் என்னும் சிறிய பச்சைப் பழத்துக்கு மாறினர். காரணம் எளியது. ஸிஸிலி பிறருடைய நாடு. மேற்கிந்தியத் தீவுகளோ ஆங்கிலேயருடைய குடியேற்றங்கள். பணம் தம் சாம்ராஜ்யத்துக்குள்ளேயே சுழலும். கரும்புத் தொழில் நலிந்த தோட்டக்காரருக்கும் பிழைப்புக் கிடைக்கும். புளிப்பில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. நோயைத் தீர்ப்பது புளிப்பே என்று ரஸாயன நிபுணர் கருதியிருந்தமையால், மாற்றத்தை எவரும் மாற்றமாகவே எண்ணவில்லை. அக்காலத்து ஆங்கில வழக்கில் லைம் என்றும் லெமன் என்றும் ஒரு பழத்தையே மாறி மாறிச் சொல்வதுண்டு. பெயர் ஒன்றாயிருந்ததால் பொருளும் ஒன்றாயிற்று!

புதிய சாற்றின் நிலை இரங்கத் தக்கது. லைம் பழத்தில் மருந்துப் பொருள் இயல்பாகவே குறைவு. பிழிந்த சாறு திறந்த தொட்டிகளிற் காற்றுப்படத் தேங்கியது. செம்புக் குழாய்களின் வழியே பாய்ந்தது. பீப்பாய்களில் நெடுநாட் கிடந்தது. காற்றும் ஒளியும் அப்பொருளை அழிக்கும். செம்பு அவ்வழிவை விரைவுபடுத்தும். மாலுமியின் கிண்ணத்தை அடைந்த போது அதில் எஞ்சியது பெரும்பாலும் புளிப்பு மட்டுமே. ஆங்கில மாலுமிகளுக்கு லைமி என்னும் பட்டப்பெயரைத் தேடித்தந்த பழம், அவர்களைக் காக்கும் ஆற்றல் இழந்த பழமாயிருந்தது என்பது விதியின் விளையாட்டுப் போலும்.

அங்ஙனமாயின், மாலுமிகள் ஏன் மீண்டும் மாளவில்லை? நீராவிக் கப்பல் வந்துவிட்டது. 1869-இல் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது. ஸபோக் கப்பல் ஐந்து மாதம் அலைந்த தூரத்தைப் புதிய கப்பல்கள் சில வாரங்களிற் கடந்தன. மனித உடல் தன்னிடமுள்ள சேமிப்பைக் கொண்டு ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை தாங்கும்; அதற்குள் துறைமுகமும் புதிய காய்கறியும் கிடைத்துவிடும். ஆகவே, வெறும் புளிநீரைக் குடித்தவரும் நலமாகவே வந்து சேர்ந்தனர். புகழ் சாற்றுக்குச் சென்றது. காவலன் உறங்குவதைக் கள்வன் வரும் வரையில் எவரும் அறியார் அன்றோ?

கள்வன் துருவப் பிரதேசத்தில் வந்தான். 1875-இல் நேர்ஸ் என்பாரின் தலைமையில் அலெர்ட், டிஸ்கவரி என்னும் இரு கப்பல்கள் வடதுருவத்தை நாடிச் சென்றன. பொருட்செலவுக்கும் முன்னேற்பாட்டுக்கும் குறைவில்லை. சாறும் ஏராளமாக இருந்தது. ஆனால் லைம் சாறு. அடுத்த ஆண்டு இளவேனிலில் மார்க்கம் என்னும் அதிகாரியின் குழுவினர் பனிச் சறுக்கு வண்டிகளை இழுத்துச் சென்று, மே 12-ஆம் நாள் 83 பாகை 20 கலை என்னும் வட அட்சத்தை அடைந்தனர். அதுகாறும் மனிதர் எவரும் சென்றறியாத தூரம். திரும்பும் போது ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். இழுத்துச் சென்றவர்களையே வண்டியில் ஏற்றி இழுக்க நேர்ந்தது. பார் என்னும் அதிகாரி தனியே பனிவெளியைக் கடந்து கப்பலுக்கு ஓடி உதவி கொணர்ந்தார். இரு கப்பல்களிலும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பயணம் இடைமுறிந்தது. கால் நூற்றாண்டுக்கு முன்னர், 1850-இல், பழைய லெமன் சாற்றுடன் அதே பனிக்கடலுக்குச் சென்ற இன்வெஸ்டிகேட்டர் கப்பலின் ஆட்கள் இரண்டாண்டுகளுக்கு மேல் ஸ்கர்வியின்றி இருந்தனர் என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

1877-இல் விசாரணைக் குழு கூடியது. வண்டிக் குழுவினர் சாறு கொண்டுசெல்லாததே குற்றம் என்று தீர்ப்புக் கூறியது. கப்பலிலேயே இருந்து சாற்றைத் தவறாது அருந்தியவர்களும் நோயுற்றனரே என்னும் வினாவுக்கு விடையில்லை. ஆதலால் அறிஞர் பலர் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தனர்: சாறு பயனற்றது, லிண்டும் பிளேனும் கூறியது கட்டுக்கதை. கண்ட உண்மைக்கேற்ப நியாயமாகவே சிந்தித்து, முற்றும் தவறான இடத்தை அடைந்தனர். மருந்து தெரிந்திருந்தது, அம்மருந்தில் எது மருந்து என்பது தெரிந்திருக்கவில்லை. அது தெரியாதவரையில், புட்டியின் மேலுள்ள பெயரை நம்புவதன்றி மனிதர்க்கு வேறு வழியில்லை.

பழைய மருந்து மதிப்பிழந்ததும் புதிய கொள்கைகள் புகுந்தன. அக்காலம் கிருமிகளைப் பற்றிய சாஸ்திரம் வெற்றிக்கொடி நாட்டிய காலம். டின்னில் அடைத்த இறைச்சி கெட்டு நஞ்சாவதாலேயே ஸ்கர்வி உண்டாகிறது என்றனர். 1901-இல் தென்துருவம் சென்ற ஸ்காட் என்பாரின் வைத்தியர் இக்கொள்கையினர். ஒவ்வொரு டின்னையும் திறந்து முகர்ந்து பார்த்த பின்னரே சமைக்கவிட்டனர். 1902-இல் நோய் வந்தே விட்டது. சீல் என்னும் கடற்பிராணியின் புதிய இறைச்சியை உண்டபின் ஆட்கள் தேறினர். அவ்விறைச்சியில் நஞ்சில்லை என்பதே தேறியதற்குக் காரணம் என்று மகிழ்ந்தனர். ஸ்காட்டின் இரண்டாம் பயணத்தில், 1912-ஆம் ஆண்டு பிப்ரவரியில், எவான்ஸ் என்னும் அதிகாரி ஸ்கர்வியால் சாகும் நிலையை எய்தினார். லாஷ்லி, கிரீன் என்னும் இருவரே அவர் உயிரைக் காத்தனர். லிண்டின் நூல் வெளிவந்து அப்போது 159 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதே காலத்தில் நோய் மற்றொரு வாயில் வழியாகவும் நுழைந்தது. கடலில் அன்று, செல்வர் வீட்டுத் தொட்டிலில். 1883-இல் தாமஸ் பார்லோ என்னும் லண்டன் வைத்தியர் குழந்தைகளைப் பற்றிய ஸ்கர்வியை விவரித்தார். தாய்ப்பால் உண்ட ஏழைக் குழந்தைகள் தப்பின. புட்டிப்பாலும் கடையில் விற்ற மாவுணவும் உண்ட வசதியுள்ளோர் குழந்தைகள் நோயுற்றன. கிருமியை அஞ்சிப் பாலைக் காய்ச்சும் வழக்கம் பரவியதும் இந்நோய் மிகுந்தது. பாலைக் காய்ச்சுதல் எத்தனையோ குழந்தைகளை வேறு நோய்களினின்று காத்தது என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், ஒரு புதிய உண்மை வீட்டுக்குள் வரும்போது பழைய உண்மை ஒன்றைக் கொல்லைப்புறமாக வெளியே தள்ளிவிடவும் கூடும்.

முடிச்சை அவிழ்த்தது, ஸ்கர்வியைத் தேடாத ஒரு பரிசோதனை. ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற வாதநோய் உண்டாவதை முன்னரே காட்டியிருந்தார். நார்வே நாட்டு ஹோல்ஸ்ட், பிரௌலிக் என்னும் இருவர் கப்பல்களில் வரும் பெரிபெரியை ஆராய எண்ணி, பறவைகளை விட்டுக் கினிப் பன்றி என்னும் சிறு பிராணிக்குத் தானியம் மட்டும் கொடுத்தனர். வந்தது பெரிபெரியன்று, ஸ்கர்வி! 1907-இல் இதனை வெளியிட்டனர். அவர்கள் எலியையோ நாயையோ எடுத்திருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. ஏனெனில் அவை அம்மருந்துப் பொருளைத் தம் ஈரலிலேயே சர்க்கரையினின்றும் செய்துகொள்ளுகின்றன. அது செய்ய இயலாத சில பிராணிகளுள் கினிப் பன்றி ஒன்று; மனிதன் மற்றொன்று. எந்த உணவில் எவ்வளவு மருந்துண்டு என்று அளக்க, முதன்முதலாக ஓர் அளவுகோல் கிடைத்தது.

அவ்வளவுகோலின் அவசரத்தைப் புலப்படுத்தியது முதல் உலகப் போர். மெஸொப்பொடேமியாவில் கூட் என்னும் ஊரில் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை துருக்கியர் முற்றுகையிட்ட சேனையில் ஆங்கிலேயரும் இந்தியரும் இருந்தனர். அங்கே நேர்ந்ததைப் போன்ற ஒரு சோதனையை எந்த விஞ்ஞானியும் வேண்டுமென்று ஏற்படுத்தத் துணியான். ஆங்கிலச் சிப்பாய்கள் வெள்ளை மாவு உண்டனர். அவர்களுக்குப் பெரிபெரி வந்தது. இந்தியச் சிப்பாய்கள் தவிடு நீக்காத கோதுமை ஆட்டா உண்டனர். அவர்களுக்குப் பெரிபெரி இல்லை. உணவு அருகியபோது ஆங்கிலேயர் குதிரைகளைக் கொன்று புதிய இறைச்சி உண்டனர், ஸ்கர்வியினின்று தப்பினர். இந்தியரிற் பலர் மத ஆசாரத்தால் குதிரை இறைச்சியை மறுத்தனர். அவர்களை ஸ்கர்வி வாட்டியது. ஒரே மதிலுக்குள் இரு சேனைகள், இரு நோய்கள். முற்றுகைக்கு வெளியே இருந்த இந்தியச் சேனையிலும் 1916-இன் பிற்பாதியில் மட்டும் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் ஸ்கர்வியால் வைத்தியசாலை புகுந்தனர். லைம் சாறு அவர்களுக்கும் வழங்கப்பட்டது. நம் நாட்டு வீரர் இத்தனை பேர் பயனற்ற ஒரு சாற்றை மருந்தென்று குடித்துக் கிடந்ததை, கணக்கேடுகளில் ஓர் எண்ணாகப் படித்துக் கடந்து செல்ல மனம் வரவில்லை.

லண்டனிலுள்ள லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாரியெட் சிக் அம்மையாரும் அவருடைய தோழியரும் இதனை ஆராயத் தலைப்பட்டனர். ஆடவர் போர்க்களம் சென்றிருந்த அக்காலத்தில் அப்பகுதி வேலை பெரிதும் பெண்மணிகளின் கையிலிருந்தது. கினிப் பன்றிகளைக் கொண்டு அளந்ததில், புதிய லைம் சாற்றின் ஆற்றல் புதிய லெமன் சாற்றின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கே என்றும், புட்டியில் அடைத்த லைம் சாற்றில் ஆற்றல் ஏறக்குறைய இல்லை என்றும் 1918-இல் வெளியிட்டனர். ஆலிஸ் ஹெண்டர்ஸன் ஸ்மித் என்னும் அம்மையார் பழைய கப்பற் கணக்குகளைப் புரட்டி, இன்வெஸ்டிகேட்டர் சென்றது எந்தச் சாற்றுடன், நேர்ஸ் சென்றது எந்தச் சாற்றுடன் என்பதைப் பிரித்துக் காட்டினார். நாற்பதாண்டுகளாக அறிஞரை மயக்கிய புதிர், ஒரு பழத்தின் பெயரை இன்னொரு பழத்துக்கு இட்டதால் நேர்ந்தது என்பது வெளியாயிற்று. போர்க்களத்துக்குப் பழம் அனுப்ப இயலாவிடில், உலர்ந்த பயறுகளை நீரில் ஊறவைத்து முளைகட்டிக் கொடுக்கலாம் என்பதையும் அவர்களே காட்டினர். உலர்ந்த பயற்றில் இல்லாத மருந்து முளைத்த பயற்றில் பிறக்கின்றது.

எஞ்சிய பகுதி விரைவில் முடிந்தது. 1928-இல் ஹங்கேரி நாட்டு ஸெண்ட்-கியார்கி என்பார் கேம்பிரிட்ஜில் ஒரு புதிய அமிலத்தைப் பிரித்தெடுத்தார்; அதுவே ஸ்கர்வியைத் தடுப்பது என்பது 1932-இல், அவர் நாட்டிலும் அமெரிக்காவில் கிங் என்பாரின் ஆராய்ச்சியாலும் தெளிவாயிற்று. ஹங்கேரியர் விரும்பி உண்ணும் சிவப்பு மிளகாயிலிருந்து அவர் அதனைக் கிலோக் கணக்கிற் பிரித்தார். 1933-இல் அதன் அமைப்பும் செயற்கையாகச் செய்யும் முறையும் கண்டறியப்பட்டன. வைட்டமின் ஸி என்று நாம் அழைப்பது இதனையே. நம் தோலையும் எலும்பையும் குருதிக் குழாய்களையும் தழும்புகளையும் இறுகக் கட்டி நிற்கும் கொலாஜன் என்னும் புரத நாரை உறுதிப்படுத்த இது வேண்டும். அந்நார் ஓயாது தேய்ந்தும் புதுப்பிக்கப்பட்டும் வருவது. தழும்பு என்பது முடிந்துபோன வேலை அன்று. வாழ்நாள் முழுதும் நடைபெறும் வேலை. பாயின் போர்க்களத்துக் காயம் ஐம்பதாண்டுகளுக்குப் பின் திறந்த மர்மம் இதுவே. இதைச் செய்துகொள்ள வேண்டிய மரபணுவின் சிதைந்த எச்சம் நம் உடலில் இன்றும் உள்ளது. மனிதன் மனிதனாகும் முன்னரே, பழம் தின்று வாழ்ந்த முன்னோர் காலத்தில் அது பழுதுற்றது என்பர்.

நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய பத்து மில்லிகிராம் இருப்பின் ஸ்கர்வி வாராது. ஆங்கிலத்தில் லெமன் எனப்படும் பழத்தில் நூறு கிராமுக்கு ஐம்பது மில்லிகிராம் அளவிலும், லைமில் முப்பது அளவிலும் இது உண்டு. நம் சந்தையில் எலுமிச்சை என்று நாம் வாங்கும் சிறிய உருண்டைப் பழம் இவ்விரண்டனுள் லைமே. தமிழில் லெமனுக்கென்று பரவி வழங்கும் தனிப்பெயர் இல்லை. ஆதலால், லிண்டின் கதையைத் தமிழில் எழுதுவோர் எலுமிச்சை என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் குறித்துவிட்டு, மேற்கூறிய குழப்பத்தைத் தமிழிலும் ஒருமுறை நிகழ்த்திக் காட்டுதல் இயல்பு. இக்கட்டுரையிலும் லங்காஸ்டர் முதல் ஸபோக் வரையிற் கூறியது அவ்வொரு சொல்லே. அக்காலத்து ஏடுகளும் அவ்வளவே பிரித்தறிந்தன. பிழிந்தவுடன் அருந்தினால் நம் எலுமிச்சையும் போதிய காவலே. மாதக்கணக்கில் பீப்பாயில் இட்டதே பிழை. கொய்யாப் பழத்தில் இப்பொருள் லெமனைப்போல் பல மடங்கு உண்டு. நெல்லிக்காயிலோ நூறு கிராமில் பல நூறு மில்லிகிராம். குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டுக் காய்கனிகளை அளந்து பட்டியலிட்ட காலத்தில் இவ்வுண்மை எண்களாக வெளிவந்தது. 1940-ஐ ஒட்டிப் பஞ்சாபில் ஹிஸ்ஸார் ஜில்லாவில் பஞ்சம் நேர்ந்து, கடலையே கண்டிராத குடியானவர்களை ஸ்கர்வி பற்றியபோது, அவர்களுக்குக் கொடுத்து நோயைத் தீர்த்தது ஸிஸிலியிலிருந்தும் வரவில்லை, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வரவில்லை. அது நெல்லிக்காய்.